மோஹாக் ஆற்றங்கரையை விட்டுப் போன பெண்: கத்தேரி தேக்கக்விதாவும் அவரைத் துன்புறுத்திய ஊரும்

1666 அக்டோபரில் பிரெஞ்சுப் படை வட அமெரிக்காவில் மோஹாக் பூர்வகுடியினர் வாழ்ந்த பள்ளத்தாக்கை அடைந்தபோது ஊர்களில் ஆளில்லை. மார்க்கி த திரேசியின் தலைமையில் கியூபெக்கிலிருந்து ஏறத்தாழ 1,300 பேர் வருகிறார்கள் என்ற செய்தி முன்பே எட்டிவிட்டது. மக்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். எதிர்ப்பார் இல்லாத ஊர்களுக்குப் படையினர் ஒவ்வொன்றாகத் தீ வைத்தார்கள். வீடுகளோடு, பனிக்காலத்துக்கென்று சேர்த்துவைத்திருந்த மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் எரிந்தன. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பனிக்காலம் அவர்களுக்குப் பட்டினிக் காலமாயிற்று. காட்டுக்குள் ஒளிந்து உயிர் தப்பியவர்களில் தேக்கக்விதா என்ற பத்து வயதுச் சிறுமியும் உண்டு.

மறு ஆண்டு சமாதானம் ஏற்பட்டது. மோஹாக்குகளின் ஊர்களில் இயேசு சபைக் குருக்களைத் தங்கவிட வேண்டும் என்பதும் அந்தச் சமாதானத்தோடு வந்த ஏற்பாடு. 1667இல் ஃப்ரெமேன், ப்ருயாஸ், பியரோன் என மூன்று குருக்கள் வந்து, சிறுமி வளர்ந்த வீட்டிலேயே சில நாட்கள் தங்கினார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்துக் கவனிக்கும் வேலை அவரிடம் விடப்பட்டது.

இதற்குப் பின் நடந்தவை கத்தோலிக்க உலகம் நன்கறிந்தவை. இருபது வயதில் திருமுழுக்கு, ஊராரின் துன்புறுத்தல், மாண்ட்ரியல் அருகே உள்ள கிறிஸ்தவக் குடியிருப்புக்குத் தப்பியோட்டம், கடுமையான ஒறுத்தல் வாழ்வு, 24 வயதில் சாவு, 2012இல் புனிதர் பட்டம். பக்தி நூல்கள் இந்தத் துன்புறுத்தலை விரிவாகச் சொல்கின்றன. 1666இன் தீயையோ ஓரிரு வரிகளில் தாண்டிவிடுகின்றன. அந்தத் தீயையும் அதற்கு முந்தைய கொள்ளைநோயையும் கணக்கில் எடுக்காவிட்டால், துன்புறுத்தியவர்கள் காரணமில்லாமல் கொடுமை செய்யும் கதைப் பாத்திரங்களாகிவிடுவார்கள். அப்படி ஆகும்போது அந்தப் பெண்ணின் துணிவும் நமக்குச் சரியாகப் புலப்படாது. எதை எதிர்த்து நின்றார் என்பது தெரிந்தால்தானே நின்றதன் அருமை தெரியும்?

அவர் 1656இல் ஒசெர்நெனோன் என்ற மோஹாக் ஊரில் பிறந்தார். இன்றைய நியூயார்க் மாநிலத்தின் ஒரிஸ்வில் பகுதி அது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் இசாக் ஜோக் என்ற இயேசு சபைக் குரு கொல்லப்பட்டது இந்த ஊரில்தான். அவர் விட்டுச்சென்ற ஒரு பெட்டியில் நோயை உண்டாக்கும் சூனியம் இருக்கிறது, பயிரழிவுக்கும் அதுவே காரணம் என்று ஊரில் பலர் நம்பினார்கள். கருப்பங்கிக் குருக்கள் வந்த இடமெல்லாம் பெரியம்மையும் வந்ததை அந்த மக்கள் தங்கள் கண்ணாலேயே கண்டவர்கள். கிருமியைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது, குருக்கள் உட்பட. குருக்களைச் சந்தேகித்ததில் அவர்களுடைய அனுபவம் இருந்தது.

தந்தை மோஹாக். தாய் அல்கோன்கின் இனத்தவர், கிறிஸ்தவர். திருவா ரிவியேர் என்ற பிரெஞ்சுக் குடியேற்றத்தின் அருகே வளர்ந்து, மோஹாக்குகளின் தாக்குதலில் சிறைபிடிக்கப்பட்டு, அவர்களுடைய ஊரிலேயே குடும்பத்துப் பெண்ணாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். ஹௌடெனோசோனி (இரோகுவா) என்ற ஐந்து இனக் கூட்டமைப்பில் மோஹாக்குகள் கிழக்கு வாசலைக் காப்பவர்கள். நோயிலும் போரிலும் மாண்டவர்களின் இடத்தைச் சிறைபிடித்தவர்களைக் கொண்டு நிரப்புவது அவர்களுடைய வழக்கம். வந்தவருக்குச் செத்தவரின் பெயரையே சூட்டி, அந்த உறவின் கடமைகளையும் ஒப்படைப்பார்கள். 1634 வாக்கில் வந்த முதல் பெரியம்மை மோஹாக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது என்கிறார்கள் தொல்லியலாளர்கள். அதன்பின் ஒவ்வொரு ஆளும் அந்தச் சமூகத்துக்கு உயிர்நாடியானார். வெளியிலிருந்து வந்தவர்களை மகளாக, மகனாக ஆக்கிக்கொண்டே தன்னைக் காத்துக்கொண்ட சமூகம் அது. அங்கிருந்து ஒருவர் தானாக எழுந்து போவது என்ன பொருள்படும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

1660களின் தொடக்கத்தில் பெரியம்மை மீண்டும் வந்தது. தாய், தந்தை, தம்பி மூவரும் இறந்தார்கள். நான்கு வயதுக் குழந்தை பிழைத்தது; முகமெல்லாம் தழும்பு, கண் பார்வை மங்கல். வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்ததால் வெளியே போகும்போது போர்வையால் முகத்தை மறைத்துக்கொள்வது அவருடைய வாழ்நாள் பழக்கமாயிற்று. ஊர்த் தலைவர்களில் ஒருவரான உறவினர் எடுத்து வளர்த்தார். கிறிஸ்தவத்தையும் அதைப் பின்பற்றுவோரையும் வெறுத்தவர் என்று குருக்களின் குறிப்புகள் சொல்லும் அந்த வளர்ப்புத் தந்தையின் பெயர்கூட உறுதியாக நமக்குக் கிடைக்கவில்லை.

வளர்ந்த வீடு நீண்ட வீடு. எல்ம் மரப்பட்டையால் வேய்ந்த ஒரே கூரைக்குள் பல அடுப்புகள், பல குடும்பங்கள். எல்லாம் தாய்வழி உறவில் பின்னிய கூட்டம். வயல் பெண்களுடையது. விதைப்பதும் அறுப்பதும் சோளம் இடிப்பதும் அவர்கள். தலைவர்களை நியமிக்கும் உரிமையும் குலத்தின் மூத்த பெண்களிடமே. ஒரு பெண்ணுக்குத் திருமணமானால் மாப்பிள்ளை அவளுடைய வீட்டுக்கு வருவான்; அவன் வேட்டையாடிய இறைச்சியும் தோலும் அந்த வீட்டைச் சேரும். தேக்கக்விதா திருமணத்தை மறுத்தபோது வீட்டுப் பெண்கள் கொதித்ததற்குக் காரணம் இது. ஒருநாள் சொல்லாமலே ஓர் இளைஞனை அழைத்துவந்து அவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவர் கையால் சோளக் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டால் திருமணம் முடிந்தது என்று வழக்கம். அவர் எழுந்து வயலுக்கு ஓடிப்போனார். இது நடந்தது திருமுழுக்குக்குப் பல ஆண்டுகள் முன்பு. வீட்டோடு மோதல் கிறிஸ்தவத்தால் தொடங்கியதல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கான பிடிவாதம் அவரிடம் முன்பே இருந்தது.

1670களின் நடுவில் ழாக் த லாம்பெர்வில் என்ற குரு ஊருக்கு வந்தார். தீக்குப் பின் ஆற்றின் வடகரையில், இன்றைய ஃபோண்டா நகரின் அருகே ஊரைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். மற்றவர்கள் வயலுக்குப் போயிருந்த ஒரு நாள், காலில் அடிபட்டு வீட்டில் தனியாக இருந்த தேக்கக்விதாவை லாம்பெர்வில் சந்தித்தார். தமக்கு விசுவாசத்தில் நாட்டம் உண்டு என்று அவராகவே குருவிடம் சொன்னார். மோஹாக் நாட்டில் குருக்கள் எளிதில் யாருக்கும் திருமுழுக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். பின்னால் விலகிப்போனால் அவமானம் என்று மாதக்கணக்கில் சோதிப்பார்கள். அந்தச் சோதனையை முடித்து 1676 உயிர்ப்பு ஞாயிறன்று அவர் திருமுழுக்குப் பெற்றார். சியன்னா நகரின் புனித கத்தரீனின் பெயர் அவருக்கு வைக்கப்பட்டது. மோஹாக் நாவில் அது கத்தேரி ஆயிற்று. வளர்ப்புத் தந்தை தடுக்கவில்லை. ஊரை விட்டுப் போகாதவரை அவள் விருப்பம் என்று விட்டுவிட்டார் என்கிறார்கள். அவர் போட்ட இந்த ஒரே நிபந்தனைதான் அவருடைய மனத்தைக் காட்டுகிறது.

துன்புறுத்தல் சில மாதங்களில் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை வயல் வேலைக்குப் போக மறுத்தார் கத்தேரி. வேலை செய்யாதவளுக்குச் சோறில்லை என்று வீட்டார் அன்று உணவை மறைத்து வைத்தார்கள். சிற்றாலயத்துக்குப் போகும் வழியில் பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் ‘கிறிஸ்தவள்’ என்றே ஏளனமாகக் கூப்பிட்டார்கள். ஒருமுறை ஓர் இளைஞன் வீட்டுக்குள் பாய்ந்து கோடரியை ஓங்கினான். அவர் தலையைக் குனிந்து அசையாமல் நின்றார், அவனே கலங்கிப் பின்வாங்கினான். இவற்றையெல்லாம் தாண்டி அவரைப் புண்படுத்தியது அவதூறு. வேட்டை முகாமிலிருந்து திரும்பிய பிறகு, வளர்ப்புத் தந்தையோடு அவருக்குத் தகாத உறவு என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி குருவிடமே போய்ச் சொன்னாள். லாம்பெர்வில் விசாரித்து, அதில் ஒன்றுமில்லை என்று கண்டு அவளைக் கண்டித்தார்.

பசி, கல், கோடரி, பழி. இவை எதையும் நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. கண் மங்கிய, பெற்றோர் இல்லாத ஓர் இளம்பெண் தன் சொந்த வீட்டில் இவற்றைப் பட்டார். செய்தவர்களின் துயரம் செய்ததை நியாயமாக்கிவிடாது. ஆனால் ஏன் செய்தார்கள் என்று கேட்டாக வேண்டும். விடை மதவெறுப்பு என்ற சொல்லில் அடங்கவில்லை.

மோஹாக் ஊரில் கிறிஸ்தவராவது அன்று பெரும்பாலும் ஊரை விட்டுப் போவதாகவே முடிந்தது. மாண்ட்ரியலின் எதிர்க்கரையில் லா ப்ரேரி என்ற இடத்தில் 1667-68இல் குருக்கள் ஒரு குடியிருப்பைத் தொடங்கினார்கள். 1676இல் அது ஆற்றின் மேற்பக்கம் அருவியருகே நகர்ந்தது. இன்றைய கானவாகேயின் முன்னோடி அது. சாராயம் அங்கே விலக்கு. ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுவந்து கொட்டிய சாராயத்தால் ஊர்கள் சீரழிந்ததைக் கண்டு வெறுத்த பலருக்கு இது பெரிய ஈர்ப்பு. 1670களின் முற்பாதியில் க்ரைன் என்ற புகழ்பெற்ற மோஹாக் போர்வீரர் மனம் மாறி, கத்தேரியின் ஊரிலிருந்தே நாற்பது பேரை அழைத்துக்கொண்டு அங்கே போய்விட்டார். அந்தப் பத்தாண்டின் முடிவில் சொந்த மண்ணில் இருந்ததைவிட அதிக மோஹாக் வீரர்கள் பிரெஞ்சுப் பக்கக் குடியிருப்பில் இருந்தார்கள் என்று குருக்களே பெருமையாக எழுதினார்கள். அவர்களுக்குப் பெருமை. நீண்ட வீட்டில் அடுப்பின் முன் உட்கார்ந்திருந்த கிழவிக்கு அது என்னவாக இருந்திருக்கும்? நோய் பாதியைக் கொண்டுபோனது. பிரெஞ்சுக்காரன் தானியத்தை எரித்தான். எஞ்சிய பிள்ளைகளை, அதே பிரெஞ்சுக்காரனோடு வந்த குரு வடக்கே அழைத்துப் போகிறார்.

அவர்களுடைய அச்சம் பிற்பாடு மெய்யாயிற்று. 1690 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை ஸ்கெனெக்டடி என்ற ஆங்கிலேய ஆட்சிக்குட்பட்ட ஊரை அழித்தபோது உடன் சென்ற மோஹாக் கிறிஸ்தவர்களுக்கு க்ரைன் தலைமை தாங்கினார். 1693இல் பிரெஞ்சுக்காரர்கள் மீண்டும் மோஹாக் பள்ளத்தாக்கில் இறங்கிக் கத்தேரியின் ஊர் உட்பட மூன்று ஊர்களைக் கைப்பற்றி எரித்தார்கள். அந்தப் படையிலும் கானவாகேயின் ஆட்கள் இருந்தார்கள். பிடிபட்ட ஆண்களைக் கொல்ல வேண்டும் என்ற பிரெஞ்சுத் தளபதிகளின் கட்டளையை மட்டும் அவர்கள் ஏற்கவில்லை. எதிரே நின்றவர்கள் அவர்களுடைய சகோதரர்கள்.

இனிக் கத்தேரியிடம் வருவோம். ஊரில் இருக்க முடியாது என்ற நிலையில், வடக்கே போய்விடும்படி லாம்பெர்வில்லே அறிவுரை சொன்னார். 1677இல் கானவாகேயிலிருந்து ஒனைடா இனத் தலைவர் ஒருவர் தம் கூட்டாளிகளோடு வந்தார். அவர்களில் ஒருவர் கத்தேரியின் உறவினர். வளர்ப்புத் தந்தை வெளியூர் போயிருந்த வேளை பார்த்துப் புறப்பட்டார்கள். செய்தி கேட்டதும் அவர் துப்பாக்கியில் குண்டு போட்டுக்கொண்டு பின்தொடர்ந்தார்; பிடிக்க முடியவில்லை. இதைப் பக்தி நூல்கள் கொலைவெறியாகச் சித்திரிக்கின்றன. மகளை இழந்த ஒருவரின் வெறியும் அதில் கலந்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. காடும் ஏரிகளுமாகச் சுமார் 300 கிலோமீட்டர் கடந்து அந்த இலையுதிர்காலத்தில் கத்தேரி கானவாகே சேர்ந்தார். அங்கே அனஸ்தாசியா என்ற மூத்த கிறிஸ்தவப் பெண்மணி அவரைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார்; கத்தேரியின் தாயை அறிந்தவர் அவர். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கத்தேரி முதல் நற்கருணை பெற்றார்.

கிறிஸ்தவ ஊருக்கு வந்ததும் பழிச்சொல் ஓய்ந்துவிடவில்லை. அடுத்த பனிக்கால வேட்டை முகாமில் ஒரு கிறிஸ்தவப் பெண், தன் கணவனோடு கத்தேரியைச் சேர்த்துச் சந்தேகித்துக் குருவிடம் புகார் சொன்னாள். முன்பு ஊரில் நடந்ததே இங்கேயும். திருமணத்தை மறுத்த பெண்ணை எந்த ஊராலும் எளிதில் புரிந்துகொள்ள முடியவில்லை. அனஸ்தாசியாவே அவரைத் திருமணத்துக்கு வற்புறுத்தினார். அதன்பின் கத்தேரி வேட்டைக்குப் போவதையே விட்டுவிட்டார். பனிக்காலத்தில் ஊரில் தங்குவது என்றால் இறைச்சி இல்லாமல் சோளக் கஞ்சியில் காலம் தள்ளுவது, அதற்கும் தயாரானார்.

அவருடைய வாழ்வில் என்னை அதிகம் சிந்திக்கவைப்பது இந்தக் கடைசி இரண்டரை ஆண்டுகள். மரி தெரேஸ் என்ற ஒனைடா விதவை அவருக்கு உயிர்த் தோழியானார். இருவரும் மறைவிடம் தேடிப் போய் ஒருவரையொருவர் கசையால் அடித்துக்கொண்டார்கள். கத்தேரி பனியில் வெறுங்காலோடு நடந்தார். கால் விரல்களுக்கிடையே தணல் வைத்தார். மோஹாக்குகள் அடிமைகளுக்குக் கொள்ளியால் சூடு போடும் முறையில் தம் கால்களில் தாமே சூடு போட்டுக்கொண்டு, தாம் இயேசுவின் அடிமை என்றார். முள் பரப்பிய பாயில் மூன்று இரவு படுத்தார். தோழி சொல்லித்தான் குருவுக்கே தெரிந்தது. அவர் முள்ளைத் தீயில் போடச் சொன்னார்.

இந்த ஒறுத்தல் எங்கிருந்து வந்தது? ஐரோப்பியப் புனிதர் வரலாறுகளிலிருந்து என்பது ஒரு விடை. ஆலன் கிரீர், நான்சி ஷூமேக்கர் போன்ற வரலாற்றாசிரியர்கள் இன்னொன்றைச் சுட்டுகிறார்கள்: தீயையும் குளிரையும் பசியையும் தாங்கி ஆற்றல் பெறுவது இரோகுவா மரபில் ஏற்கெனவே இருந்தது. சிறைப்பட்ட வீரன் சித்திரவதையில் கலங்காமல் பாடுவான். கனவு வேண்டுவோர் உண்ணாமல் கிடப்பார்கள். குருக்கள் கற்பித்த சிலுவையைக் கானவாகேயின் பெண்கள் தங்களுக்குத் தெரிந்த தீயின் வழியாகவே புரிந்துகொண்டார்கள் என்ற இந்த வாசிப்பு எனக்கு ஏற்புடையது. அவர் விட்டு வந்த ஊர் அவருடைய உடலில் அப்படியே இருந்தது. இந்த ஒறுத்தலை அழகென்று வியப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே நொந்திருந்த உடல் அது. அதை மனநோய் என்று ஒதுக்குவதும் அவரை மதிப்பதாகாது.

1680 ஏப்ரல் 17, புனித வாரத்துப் புதன்கிழமை அவர் இறந்தார். சற்று நேரத்தில் முகத்துத் தழும்புகள் மறைந்து முகம் அழகாயிற்று என்று உடனிருந்த பியேர் ஷொலெனெக் என்ற குரு எழுதினார். இவரும் க்ளோத் ஷொஷெத்தியேர் என்ற குருவும்தான் கத்தேரியைப் பற்றிய நம் அறிவுக்கு மூலம். கத்தேரி எழுதிய வரி ஒன்றுகூடக் கிடையாது. துன்புறுத்தல் நடந்த காலத்தில் இவ்விருவரும் அந்த ஊரில் இல்லை. லாம்பெர்வில்லும் ஊரை விட்டு வந்தவர்களும் சொன்னதைக் கேட்டு எழுதினார்கள். கோடரியும் துப்பாக்கியும் நம்மிடம் வந்து சேர்ந்தது பழைய ரோமைக் காலத்துக் கன்னி மறைசாட்சிகளின் கதை வார்ப்பில்தான். நிகழ்ச்சிகள் பொய் என்று இதனால் சொல்லிவிட முடியாது. வரிசையும் அழுத்தமும் எழுதியவர்களுடையவை என்று வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஷொஷெத்தியேர் தம் ஆன்மிக வறட்சியோடு போராடிக்கொண்டிருந்தவர். கற்பிக்க வந்த இடத்தில் தம்மைவிட உயர்ந்த ஆன்மாவைக் கண்டதாக நம்பினார். நினைவிலிருந்து அவர் வரைந்த கத்தேரியின் ஓவியம் இன்றும் கானவாகேயின் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் இருக்கிறது.

ஷொலெனெக்கின் கடிதம் 1717இல் பாரிசில் வெளியான இயேசு சபைக் கடிதத் தொகுதியில் அச்சாயிற்று. தமிழ் வாசகருக்கு ஒரு செய்தி: மதுரை மிஷனிலிருந்து பூஷே, மார்த்தேன் முதலிய குருக்கள் எழுதிய கடிதங்களும் அதே தொகுதி வரிசையில்தான் வெளிவந்தன. மோஹாக் கன்னியையும் மறவர் நாட்டுக் கிறிஸ்தவர்களையும் பிரெஞ்சு வாசகர்கள் ஒரே அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தார்கள். கத்தேரியின் வரலாறுகள் உருவான விதத்தை 1993இல் நுணுக்கமாக ஆராய்ந்த கே. ஐ. காப்பெட்ரேயர், அதற்கு முன் தம் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் மடங்களின் குருமரபு.

1724இல் கத்தேரியின் வரலாறு ஸ்பானிய மொழியில் மெக்சிகோ நகரில் வெளியானது. பூர்வகுடிப் பெண்கள் துறவறத்துக்குத் தகுதியுடையவர்களா என்று அங்கே அப்போது கடுமையான விவாதம். அவ்வாண்டே பூர்வகுடிப் பிரபுக் குடும்பத்துப் பெண்களுக்காக ஒரு கன்னியர் மடம் அங்கே திறக்கப்பட்டது. தகுதி உண்டு என்று சொல்வோருக்குக் கத்தேரி சான்றானார்.

ரோமை மெதுவாகவே நகர்ந்தது. 1943இல் வணக்கத்துக்குரியவர், 1980இல் அருளாளர், 2012 அக்டோபர் 21இல் புனிதர். அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா ஆகியவற்றின் பூர்வகுடிகளிலிருந்து புனிதரான முதல் பெண் அவர். அன்று மகிழ்ந்த பூர்வகுடிக் கத்தோலிக்கர் ஆயிரக்கணக்கானோர். அதே மக்களிடையே கசப்போடு பார்த்தவர்களும் உண்டு. கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் திருச்சபையினர் பிள்ளைகளை மொழியிலிருந்தும் பெற்றோரிடமிருந்தும் பிரித்த நினைவு அவர்களுக்கு இன்னும் புண். அவர்கள் பார்வையில் கத்தேரி, தன் மக்களை விட்டுப் போகும்படி பழக்கப்படுத்தப்பட்ட முதல் பெண். பின்னால் வந்த பிரிப்புகளுக்கெல்லாம் முன்மாதிரியாகக் காட்டப்பட்டவர்.

இந்தக் கசப்புக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் கத்தேரியைக் குருக்கள் ஆட்டிவைத்த பாவை என்று சொல்லும்போது மட்டும் நான் விலகி நிற்பேன். மாண்ட்ரியலில் மருத்துவமனைக் கன்னியரைக் கண்டு திரும்பியபின், மரி தெரேஸோடும் மரி ஸ்காரிஷியோன் என்ற இன்னொரு பெண்ணோடும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார். ஆற்றின் நடுவே உள்ள எரோன் தீவில் பூர்வகுடிப் பெண்கள் மட்டுமே வாழும் துறவற வீடு ஒன்று அமைப்பது. எந்தக் குருவும் அதைச் சொல்லித் தரவில்லை. பொறுப்பிலிருந்த ஃப்ரெமேன் கேட்டுவிட்டு, விசுவாசத்தில் இன்னும் இளையவர்களுக்கு இது ஆகாது என்று மறுத்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் தம் கையால் உணவு பெற்ற அதே குருவின் மறுப்பைக் கேட்டுக்கொண்டு கத்தேரி பின்வாங்கினார், எண்ணத்தை விடவில்லை. வீடு கிடைக்காவிட்டால் போகட்டும் என்று, 1679 மார்ச் 25இல், மங்கள வார்த்தைத் திருநாளன்று, யாரையும் மணப்பதில்லை என்ற வாக்குறுதியைக் கடவுளுக்குக் கொடுத்தார். தம் இனத்தில் அப்படி ஒரு வார்த்தைப்பாடு கொடுத்த பெண் அதற்குமுன் இல்லை என்பது ஷொலெனெக்கின் குறிப்பு.